உலகப் பசிக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை மாதம் ஐ.நா.வின் உணவுப் பாதுகாப்பு அறிக்கை வரும். அக்டோபரில், நாடுகளைப் பசி நிலைப்படி வரிசைப்படுத்தும் உலகப் பட்டினிக் குறியீடு வரும். ஒவ்வொன்றும் வந்த வாரத்தில் ஈரோடு, கோபி, திருப்பூர், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளிலும் உழவர் கூட்டங்களிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதலில் இருப்பவை எளிய கேள்விகள். போகப் போகச் சிக்கலானவை வரும்.

ஏனுங்க, பசியோட இருக்கறவங்கள வீடு வீடாப் போயி எண்ணறாங்களா?

இல்லை. 2024-ல் உலகில் 67.3 கோடிப் பேர் பசியோடு இருந்ததாக 2025 ஜூலை அறிக்கை சொல்கிறது. அந்த 67.3 கோடியில் ஒருவர் பெயர்கூட எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சதவீதத்தைக் கணக்கிட்டு, அதை அந்த நாட்டு மக்கள்தொகையோடு பெருக்கிக் கூட்டி வந்த எண் அது. அறிக்கையே 63.8 கோடி முதல் 72 கோடி வரை என்று ஒரு வீச்சைத் தருகிறது. செய்தித்தாள் தலைப்புக்கு நடு எண் மட்டும் வந்து சேர்கிறது.

கணக்கைப் போடுவது ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு, சுருக்கமாக எஃப்.ஏ.ஓ. அதனுடன் ஐஃபாட் (பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம்), யுனிசெஃப், உலக உணவுத் திட்டம், உலக சுகாதார நிறுவனம் ஆகிய நான்கும் சேர்ந்து அறிக்கையை வெளியிடுகின்றன.

காலைல சோறு திங்காம மில்லுக்குப் போனா நானும் அந்தக் கணக்குல வருவனுங்களா?

வரமாட்டீர்கள். ஒரு வேளைப் பசி, ஒரு மாதக் கஷ்டம் எதுவும் இதில் சேராது. வழக்கமாக, ஆண்டு முழுக்க, உடல் இயங்கத் தேவையான குறைந்தபட்சக் கலோரி கிடைக்காத நிலையைத்தான் ‘ஊட்டக்குறைவு’ என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. அதிலும் கலோரி மட்டும்தான். மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறும் ரசமுமாகச் சாப்பிட்டு இரத்தசோகையோடு இருக்கும் பெண், கலோரி எட்டிவிட்டால் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

அப்ப எப்படித்தான் கணக்குப் போடறாங்க?

மூன்று எண்கள் வேண்டும். ஒன்று, அந்த நாட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை கலோரி உணவு கிடைக்கிறது. இரண்டு, அந்தச் சராசரியைச் சுற்றி மேடு பள்ளம் எவ்வளவு, அதாவது சிலர் நிறையவும் சிலர் குறைவாகவும் உண்பதன் அளவு. இதை மாறுபாட்டுக் கெழு என்பார்கள். மூன்று, இதற்குக் கீழே போனால் போதாது என்று வைக்கும் குறைந்தபட்சக் கோடு. சராசரியையும் மேடு பள்ளத்தையும் வைத்து ஒரு பரவல் வளைகோடு வரைந்து, கோட்டுக்குக் கீழே விழும் பங்கை எடுத்தால் சதவீதம் கிடைத்துவிடும்.

இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் பி. வி. சுகாத்மே என்ற இந்தியப் புள்ளியியலாளர். 1950-களிலும் 60-களிலும் எஃப்.ஏ.ஓ.வின் புள்ளியியல் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். வளைகோட்டின் வடிவத்தைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். மூன்று எண் என்ற அமைப்பு மட்டும் இன்றுவரை மாறவில்லை.

சராசரி எங்கிருந்துங்க வருது? எங்கூட்டுக்கு ஆரும் வந்து அரிசி அளக்கலியே.

உங்கள் வீட்டுக்கு வரத் தேவையில்லாத கணக்கு அது. பெயர் உணவு இருப்புநிலை ஏடு. ஒவ்வொரு பண்டத்துக்கும் நாட்டின் உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, கையிருப்பில் ஏறியதையோ இறங்கியதையோ சரிசெய்வார்கள். அதிலிருந்து விதைக்கு, தீவனத்துக்கு, ஆலைக்குப் போனதையும் சேதாரத்தையும் கழித்தால் மனிதர் உண்ணக் கிடைத்தது மிஞ்சும். அதைக் கலோரியாக்கி, மக்கள்தொகையாலும் 365 நாளாலும் வகுப்பார்கள்.

இதில் தவறு எங்கே நுழையும் என்பதை நம் பக்கத்து மக்காச்சோளமே காட்டும். உடுமலையிலும் பொள்ளாச்சியிலும் விளையும் சோளத்தில் பெரும்பங்கு நாமக்கல் முட்டைக்கோழிக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் தீவனம். ஒரு முட்டைக்கோழி நாளுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் தின்னும். அதில் கிட்டத்தட்ட 300 கலோரி இருக்கும். அது இடும் முட்டையில் 70 கலோரிதான். தீவனத்துக்குப் போனதைச் சரியாகக் கழிக்காவிட்டால் சோளம் ஒரு முறை, முட்டை ஒரு முறை என்று இரண்டு தடவை எண்ணப்பட்டு நாட்டின் சராசரி ஊதிப் போகும். சேலம், நாமக்கல் குச்சிக்கிழங்கும் அப்படித்தான். ஜவ்வரிசியாகிப் பாயசத்துக்குப் போனது எவ்வளவு, மாவுச்சத்தாகித் துணிக்குக் கஞ்சி போடப் போனது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது கையிருப்பு. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கில் உள்ளது தெரியும். வியாபாரி குடோனிலும் வீட்டுக் குதிரிலும் உள்ளது தெரியாது. ஓராண்டு இருப்பு தவறினால் அந்த ஆண்டின் சராசரி துள்ளிக் குதிக்கும். அதனால்தான் நாட்டு அளவிலான எண்களை எஃப்.ஏ.ஓ. மூன்றாண்டுச் சராசரியாக மட்டும் வெளியிடுகிறது. சில்லறைக் கடை வரைக்கும் வீணாவதைக் கழிக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் இலையோடு வழித்துப் போடுவது இந்த ஏட்டில் ‘உண்ண’க் கிடைத்ததாகவே நிற்கிறது!

அந்தக் குறைஞ்சபட்சக் கோடு 1,800 கலோரிங்கறாங்களே, களை வெட்டறவனுக்கு அது மத்தியானத்துக்கே பத்தாதுங்களே?

சரியான கேள்வி. இந்தியாவுக்கான கோடு ஏறத்தாழ 1,800 கலோரி. இது களை வெட்டுபவருக்கான அளவு அல்ல. கைக்குழந்தை முதல் கிழவி வரை எல்லோரையும் சேர்த்த ஓர் ஆளுக்கான அளவு. ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் ஆண், பெண் தனித்தனியாகச் சராசரி உயரத்தை எடுத்து, அந்த உயரத்துக்கு ஆரோக்கியமான எடைகளில் தாழ்ந்த எல்லையைப் பிடித்து, அந்த உடம்பு சும்மா இருக்கத் தேவையான ஆற்றலை 1.55-ஆல் பெருக்குவார்கள். 1.55 என்பது இலேசான வேலை. கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் தனியாகக் கொஞ்சம் சேரும்.

ஒப்பிட்டுப் பார்க்க: நம் நாட்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் தந்த அளவுகளில் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 2,110 கலோரி, நடுத்தர வேலைக்கு 2,710, கடின வேலைக்கு 3,470. ஆகவே தறிக்குடோனில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவரும் தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவரும் 1,800 கோட்டுக்கு மேலே இருந்துகொண்டே போதாமல் சாப்பிடலாம். இது இந்தக் கணக்கின் மேல் உள்ள நியாயமான பெரிய குறை என்பது எங்கள் கருத்து. 2012 அறிக்கையின் பின்னிணைப்பிலேயே வேறு கோடுகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இலேசான வேலைக்குப் பதில் சாதாரண வேலை என்று வைத்தால் உலக எண் 150 கோடிக்கு மேல் போகிறது. கடின வேலை என்றால் 250 கோடியைத் தாண்டுகிறது.

அப்படியென்றால் ஏன் கோட்டை உயர்த்தவில்லை? ஆளுக்கு ஆள் தேவை மாறும். சராசரித் தேவையையே கோடாக வைத்தால், தேவை குறைந்தவர் தன் அளவுக்குத் தின்று நன்றாக இருந்தாலும் கோட்டுக்குக் கீழே விழுவார். எல்லோரும் வயிறாரச் சாப்பிடும் ஊரிலும் ஏறக்குறையப் பாதிப் பேர் பட்டினி என்று வந்துவிடும். அந்தத் தவறைத் தவிர்க்கக் கோட்டைக் கீழே வைத்தார்கள். விலையாக, மெய்யாகவே போதாதவர் பலர் கணக்கிலிருந்து நழுவுகிறார்கள்.

மேடு பள்ளம்னு சொன்னீங்களே, அத எப்படி அளப்பாங்க?

இங்கேதான் வீடு வீடாகப் போகும் சர்வே வருகிறது. இந்தியாவில் தேசிய மாதிரி ஆய்வு அலுவலகத்தின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வு. 2022-23 சுற்றில் நாடு முழுக்க 2,61,746 வீடுகளில் கேட்டார்கள். எந்த அரிசி எத்தனை கிலோ, கடலெண்ணெய் எத்தனை, பால் எத்தனை, தோட்டத்துத் தேங்காய் எத்தனை என்று நீளும் பட்டியல்.

கேள்வி கேட்கும் முறையே விடையை மாற்றும். 2011-12 சுற்றில் ஒரே ஆண்டில், ஒரே நாட்டில் இரண்டு விதப் படிவங்களை ஓட்டினார்கள். எல்லா உணவையும் ‘கடந்த 30 நாளில்’ என்று கேட்ட படிவத்தில் கிராமப்புறச் சராசரி 2,099 கலோரி. காய்கறி, எண்ணெய், முட்டை, கறி போன்றவற்றை மட்டும் ‘கடந்த 7 நாளில்’ என்று கேட்ட படிவத்தில் 2,233. வித்தியாசம் 134 கலோரி. ஒருவரும் ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிடவில்லை. போன மாதம் எத்தனை கிலோ கத்திரிக்காய் தின்றோம் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை, அவ்வளவுதான். 2022-23-ல் பண்டங்களைப் பிரித்து, ஒரே வீட்டுக்கு மூன்று மாதங்களில் மூன்று முறை போனார்கள். பழைய சுற்றோடு நேரடியாக ஒப்பிடுவது அதனால் இன்னும் கடினமாகியிருக்கிறது.

இன்னொரு தொல்லை நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. மஞ்சள் வெட்டும் நாளில் தோட்டத்து வீட்டில் பத்து ஆளுக்குச் சேர்த்து உலை வைப்பார்கள். சர்வேக்காரர் வீட்டில் செலவான அரிசியை வீட்டில் உள்ள நாலு பேருக்கு வகுத்தால், அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலாயிரம் கலோரி தின்றதாக வரும். வேலைக்கு வந்தவர் வீட்டிலோ ஆயிரத்து இருநூறு என்று வரும். இல்லாத மேடும் இல்லாத பள்ளமும். வெளியாளுக்குப் போட்ட வேளை எத்தனை, வெளியே உண்ட வேளை எத்தனை என்று கேட்டுச் சரிசெய்ய வேண்டும். பள்ளிச் சத்துணவும் காலைச் சிற்றுண்டியும் இதில் சேரும். இத்தனைக்குப் பின்னும் பிழை மிஞ்சும் என்பதால், சர்வேயில் வரும் மேடு பள்ளத்தை எஃப்.ஏ.ஓ. அப்படியே எடுப்பதில்லை. ஒரே வருமானத் தட்டில் உள்ள வீடுகளைச் சேர்த்துச் சராசரியாக்கி, தட்டுக்குத் தட்டு உள்ள வேறுபாட்டை எடுக்கிறார்கள். அதோடு வயது, உயரம், வேலை காரணமாக ஆளுக்கு ஆள் இயல்பாக வரும் வேறுபாட்டைச் சேர்க்கிறார்கள்.

இந்தக் கணக்க நாமளே போட்டுப் பாக்க முடியுங்களா?

முடியும். ஒரு கால்குலேட்டரும் புள்ளியியல் புத்தகத்தின் கடைசிப் பக்க அட்டவணையும் போதும். இவை நாங்களாக வைத்த எண்கள், எந்த நாட்டின் எண்களும் அல்ல: சராசரி 2,400, மாறுபாட்டுக் கெழு 0.27, கோடு 1,800. வளைகோடு லாக்-நார்மல் (எண்களின் மடக்கையை எடுத்தால் மணி வடிவமாகும் பரவல்) என்று வைப்போம். எஃப்.ஏ.ஓ. இப்போது வளைகோடு ஒரு பக்கம் நீளும் கோணலையும் தனியாகச் சரிசெய்கிறது. கணக்கைப் புரிந்துகொள்ள எளிய வடிவம் போதும்.

0.27-ஐ அதனாலேயே பெருக்கி 1 கூட்டினால் 1.0729. அதன் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) 0.0704. அதில் பாதி 0.0352, வர்க்கமூலம் 0.2653. இனி 2,400-ன் இயல் மடக்கை 7.7832-இல் அந்தப் பாதியைக் கழித்தால் 7.7480. கோட்டின், அதாவது 1,800-ன் இயல் மடக்கை 7.4955. இரண்டுக்கும் இடைவெளி 0.2525. அதை 0.2653-ஆல் வகுத்தால் 0.952. கோடு சராசரிக்கு இடப்பக்கம் இருப்பதால் கழித்தல் குறி போட்டு, இயல்நிலைப் பரவல் அட்டவணையில் பார்த்தால் 0.171. அதாவது 17.1 சதவீதம்.

இப்போது ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். சராசரியை 2,500 ஆக்கினால் 13.4 சதவீதம். சராசரியைத் தொடாமல் கெழுவை 0.24 ஆக்கினால் 13.6. கோட்டை 1,850 ஆக்கினால் 19.8. 140 கோடி மக்கள் உள்ள நாட்டில் கெழு 0.27-லிருந்து 0.24-க்கு இறங்குவது ஐந்து கோடிக்குச் சற்றுக் குறைவானவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். கோட்டை 50 கலோரி உயர்த்துவது, ஏறத்தாழ ஓர் இட்லி, கிட்டத்தட்ட நாலு கோடிப் பேரைச் சேர்த்துவிடும். கீழே வரும் திருத்தக் கதைகள் எல்லாவற்றுக்கும் சாவி இந்தக் கணக்கில் இருக்கிறது.

2023-க்கு 73 கோடின்னு அப்பச் சொன்னாங்க. இப்ப அதே 2023-க்கு 69 கோடிங்கறாங்க. மொதல்ல சொன்னது பொய்யுங்களா?

பொய்யில்லை. 2024 அறிக்கை 2023-க்குச் சொன்ன நடு எண் 73.3 கோடி. 2025 அறிக்கையின்படி அதே 2023-க்கு ஏறத்தாழ 68.8 கோடி. நாலரைக் கோடிப் பேர் காகிதத்தில் மட்டும் இடம் மாறினார்கள்.

ஒவ்வோர் அறிக்கையிலும் கடைசி ஆண்டின் எண் முன்கணிப்புதான். அந்த ஆண்டின் இருப்புநிலை ஏடு பல நாடுகளுக்கு இன்னும் முடிந்திருக்காது, சர்வே வந்திருக்காது. பின்னால் மெய்யான விளைச்சல், வணிகக் கணக்கு, புதிய சர்வே, ஐ.நா.வின் திருத்திய மக்கள்தொகை எல்லாம் வந்து சேரும்போது கடைசி ஆண்டை மட்டுமின்றிப் பழைய ஆண்டுகள் முழுவதையும் திரும்பக் கணக்கிடுகிறார்கள். 2025 அறிக்கையில் தெற்காசியாவின் எண் இறங்கியதற்குப் பெரும்பாலும் இந்தியாவின் புதிய தரவே காரணம் என்று அறிக்கையே சொல்கிறது.

செய்யக் கூடாதது ஒன்று: 2024 அறிக்கையின் 73.3 கோடியையும் 2025 அறிக்கையின் 67.3 கோடியையும் பக்கத்தில் வைத்து ‘ஒரே ஆண்டில் ஆறு கோடிப் பேர் மீண்டார்கள்’ என்பது. ஒரே அறிக்கைக்குள் பார்த்தால் 2023-லிருந்து 2024-க்கு இறக்கம் ஒன்றரைக் கோடிதான். ஒரு தராசில் நிறுத்ததை இன்னொரு தராசில் நிறுத்ததோடு கழிக்க முடியாது.

சீனாவுக்கு ஒரு தடவ பத்துக் கோடிக்கு மேல கொறச்சாங்களாமே?

2020-ல் நடந்தது. 2019 அறிக்கை 2018-க்கு 82 கோடி என்றது. 2020 அறிக்கை அதே 2018-க்கு 68 கோடிக்கும் கீழே இறக்கியது. சீனாவின் மேடு பள்ள எண் வெகுகாலம் பழைய தரவிலேயே நின்றிருந்தது. புதிய வீட்டுச் சர்வேத் தரவு கிடைத்ததும், 2000-ம் ஆண்டு வரை பின்னோக்கிப் போய்த் திருத்தினார்கள். சீனாவின் சதவீதம் 2.5-க்கும் கீழே போனது. அதற்குக் கீழே எஃப்.ஏ.ஓ. எண் அச்சிடுவதில்லை, ‘2.5-க்குக் குறைவு’ என்று மட்டும் போடும்.

மேலே நாமே போட்ட கணக்கில் 0.27-ஐ 0.24 ஆக்கியபோது என்ன நடந்தது என்று பார்த்தீர்கள். பெரிய நாட்டில் அந்த ஒரு எண் பழசாகிக் கிடந்தால் உலகக் கணக்கே சாய்ந்து நிற்கும். கவனிக்க: திருத்தத்துக்குப் பின்னும் 2014-க்கு மேல் பசி குறையாமல் மெல்ல ஏறுகிறது என்ற முடிவு மாறவில்லை. வரைபடக் கோட்டின் உயரம் இறங்கியது, சாய்வு அப்படியே இருந்தது.

சாய்வே மாறின திருத்தம் ஏதாச்சும் உண்டுங்களா?

உண்டு, 2012-ல். 2009 அறிக்கை உலகில் 102 கோடிப் பேர் பசியில் என்றது. நிதி நெருக்கடியின் விளைவை அமெரிக்க வேளாண் துறையின் முன்கணிப்புக் கணக்கு முறையைக் கடன் வாங்கி முன்கணித்த எண் அது. அந்த அறிக்கைகளின்படி 1990-92-ல் 85 கோடிக்குச் சற்றுக் குறைவு. ஆக ஏற்றம். 2012-ல் ஆட்களின் உயரம், சேதாரம், மக்கள்தொகை, பரவல் வடிவம் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றினார்கள். 1990-92 என்பது 100 கோடியானது, 2010-12 என்பது 86.8 கோடியானது. ஏற்றம் இறக்கமாயிற்று.

உலகத் தலைவர்கள் 2015-க்குள் பசியைப் பாதியாக்குவதாக உறுதி கொடுத்திருந்த நேரம். தொடக்கப்புள்ளி உயர்ந்தால் இலக்கு நெருங்கும். யேல் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் தாமஸ் போக் போன்றவர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். சேர்த்த திருத்தங்கள் ஒவ்வொன்றுக்கும் தொழில்நுட்பக் காரணம் இருந்தது என்பதும் உண்மை, எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ததால் எது எவ்வளவு நகர்த்தியது என்று வெளியாள் பிரித்துப் பார்க்க முடியாமல் போனது என்பதும் உண்மை.

நம்ம நாட்டு எண்ணுல ஏனுங்க இத்தன சண்டை?

பத்தாண்டுக்கு மேல் சர்வே இல்லாமல் கிடந்ததால். 2011-12-க்குப் பிறகு 2017-18-ல் ஒரு சுற்று நடந்தது. தரவின் தரம் சரியில்லை என்று கூறி அரசு அதை வெளியிடவில்லை. அடுத்தது 2022-23-ல் நடந்து, முதல் முடிவுகள் 2024 பிப்ரவரியில் வந்தன. இடையில் இந்தியாவின் மேடு பள்ளத்தை மறைமுகமாக ஊகித்துத்தான் கணக்கு ஓடியது. 2011-க்குப் பின் 2021-ல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தள்ளிப்போயிற்று. வகுக்கும் எண்ணும் மதிப்பீடு, பெருக்கும் எண்ணும் மதிப்பீடு.

அச்சிட்ட எண்கள்: 2023 அறிக்கையில் 2020-22-க்கு 16.6 சதவீதம், 23.39 கோடி. 2024 அறிக்கையில் 2021-23-க்கு 13.7 சதவீதம், 19.46 கோடி. 2025 அறிக்கையில் 2022-24-க்கு 12 சதவீதம், 17.2 கோடி. இந்த மூன்றையும் ஒரே வரைபடத்தில் கோடு போட்டு இணைப்பவர்கள் மேலே சொன்ன இரண்டு தராசுத் தவறைத்தான் செய்கிறார்கள்.

3,000 பேருகிட்ட ஃபோன் போட்டுக் கேட்டுட்டு நாடே பட்டினிங்கறாங்கன்னு சொல்றாங்களே?

இரண்டு வேறு கணக்குகள் இங்கே கலந்துவிட்டன. எஃப்.ஏ.ஓ. இன்னொரு அளவையும் வைத்திருக்கிறது: எட்டுக் கேள்வி. கடந்த 12 மாதத்தில் பணமில்லாததால் உணவு போதாதென்று கவலைப்பட்டீர்களா என்பதில் தொடங்கி, நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பதில் முடியும். 2014 முதல் பல நாடுகளில் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு வழியாக இதைக் கேட்கிறார்கள். இந்தியாவில் அதன் மாதிரி சுமார் 3,000 பேர். 140 கோடிக்கு 3,000 போதுமா என்பது கேட்க வேண்டிய கேள்விதான்.

2022-ல் மத்திய அரசு உலகப் பட்டினிக் குறியீட்டை மறுத்தபோது இந்த 3,000-ஐச் சுட்டிக்காட்டியது. ஆனால் குறியீடு எடுத்துக்கொள்வது எட்டுக் கேள்வி அளவை அல்ல, இதுவரை பார்த்த மூன்று எண் முறையை. அந்த முறையில் குறை சொல்ல நிறைய இடம் உண்டு, 1,800 கோட்டில் தொடங்கலாம். 3,000 பேர் என்ற குறை மட்டும் அதற்கு நேரடியாகப் பொருந்தாது.

பட்டினிக் குறியீட்டுல நாம 102-வது இடம். போன வருசம் 105. மூணு படி ஏறிட்டமுங்களா?

2024-ல் 127 நாடுகளில் 105, 2025-ல் 123 நாடுகளில் 102. பட்டியலில் உள்ள நாடுகளின் எண்ணிக்கையே மாறியிருக்கிறது. தரவு இல்லாத நாடு விழும், வந்த நாடு சேரும். இடத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடாதீர்கள் என்று வெளியிடுபவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

குறியீட்டில் மூன்றில் ஒரு பங்குதான் ஊட்டக்குறைவு. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குள் குழந்தை இறப்பு. மீதி, வயதுக்கேற்ற உயரமில்லாமை, உயரத்துக்கேற்ற எடையில்லாமை, ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. மூன்று அளவுகள் குழந்தைகளைப் பற்றியவை. குடிநீர், கழிவறை, தாயின் உடல்நிலை எல்லாம் அவற்றில் கலந்திருக்கும். அதை ‘பட்டினி’ என்று ஒரே சொல்லில் அழைப்பது சரியா என்பது நியாயமான விவாதம்.

67 கோடி, 29 கோடி, 230 கோடி, எதுதானுங்க நெசம்?

மூன்றும் வேறு வேறு அளவைகள். 67.3 கோடி என்பது நாள்பட்ட கலோரிக் குறைவு. 29.5 கோடி என்பது 2024-ல் போர், வறட்சி போன்ற நெருக்கடி உள்ள 53 நாடுகளில் உடனடி உதவி தேவைப்பட்டவர்கள், அது வேறோர் அறிக்கை. அந்த நாடுகள் பட்டியலில் இல்லாத நாட்டில் எத்தனை பேர் பட்டினி கிடந்தாலும் அதில் சேராது. 230 கோடி என்பது எட்டுக் கேள்வி அளவையில் நடுத்தரமாகவோ கடுமையாகவோ உணவு உறுதியில்லாதவர்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கவோ கூட்டவோ கூடாது.

பேச்சுப் போட்டிக்கோ கட்டுரைக்கோ எடுப்பவர்கள் நாலு விவரம் சேர்த்துச் சொன்னால் யாரும் மடக்க முடியாது: எந்த ஆண்டு அறிக்கை, எந்த ஆண்டுக்கான எண், எந்த அளவை, வீச்சு எவ்வளவு.

ஈரோடு மாவட்டத்துக்கு மட்டும் எத்தன சதவீதமுங்க?

இந்த முறையில் சொல்ல முடியாது. இருப்புநிலை ஏடு நாட்டு எல்லையில் ஏற்றுமதி இறக்குமதி பதிவாவதை நம்பி நிற்கிறது. பெருந்துறையிலிருந்து கேரளத்துக்கு எத்தனை லாரி அரிசி போனது, கர்நாடகத்திலிருந்து எத்தனை மூட்டை ராகி வந்தது என்று மாவட்ட எல்லையில் யாரும் எழுதி வைப்பதில்லை. ‘கொங்கு மண்டலத்தில் இத்தனை லட்சம் பேர் பட்டினி’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அகில இந்தியச் சதவீதத்தை நம் மக்கள்தொகையோடு பெருக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

மாவட்ட அளவில் கிடைப்பது தேசியக் குடும்பநல ஆய்வு. அது குழந்தைகளை மெய்யாகவே எடை போட்டு, உயரம் அளந்து எடுத்தது. 2019-21 சுற்றில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், இந்திய அளவில் 35.5. மாவட்டத் தாளில் சில நூறு குழந்தைகளை வைத்து வந்த சதவீதமாக இருக்கும். இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தை வைத்து மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்தாதீர்கள்.

கடைசியா ஒண்ணுங்க. ரேஷன் அரிசிய மாட்டுக்கும் கோழிக்கும் போடறாங்களே, அது எந்தக் கணக்குல போகும்?

இரண்டு கணக்கில் இரண்டு விதமாகப் போகும். இருப்புநிலை ஏட்டில் அரிசி பொது விநியோகத்துக்கு வெளியேறினால் மனிதர் உணவு என்றே பெரும்பாலும் பதிவாகும். ரேஷன் கடையிலிருந்து வாங்கிய அரிசி பின்வாசல் வழியாகத் தீவன ஆலைக்குப் போனது ஏட்டுக்குத் தெரியாது. அந்த அளவுக்கு நாட்டின் சராசரி உயர்ந்து, ஊட்டக்குறைவு குறைந்து தெரியும். சர்வேயில் வாங்கியதைக் கேட்காமல் வீட்டார் உண்டதைக் கேட்கிறார்கள், அதனால் மாட்டுக்குப் போட்டது கழிய வேண்டும். ஆனால் ரேஷன் அரிசியை மாட்டுக்குப் போட்டோம் என்று அரசாங்கத்திலிருந்து வந்தவரிடம் யார் சொல்வார்கள்? இருபது கிலோ வாங்கினோம், இருபதும் ஆக்கித் தின்றோம் என்றே படிவம் நிறையும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. கட்டுத்தறியில் கறக்கும் பாலில் வீட்டுக்கு நிறுத்தியது, வேலியோர முருங்கை, காட்டில் விளைந்த கொள்ளும் தட்டைப்பயறும் சந்தைக்கே வராமல் வயிற்றுக்குப் போகின்றன. உற்பத்திக் கணக்கில் இவை குறைவாகவே பதிவாகும். சர்வேயில் வீட்டு விளைச்சலைத் தனியாகக் கேட்பார்கள், கேட்பவர் அவசரப்பட்டால் விட்டுப்போகும். இரண்டு பிழையும் ஒன்றையொன்று எவ்வளவு ஈடுகட்டும் என்பது மாட்டின் எண்ணிக்கையையும் மழையையும் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும்.